டவர் கிடைக்கும் இடம்

சிவகாசி வட்டாரத்து அச்சங்குளத்தில் என் சித்தி வீட்டுக் கைபேசிக்கென்று ஓர் இடம் உண்டு. தெருப்பக்கத்து ஜன்னலில் இடமிருந்து இரண்டாவது கம்பி. அந்தக் கம்பியில் ஒரு மஞ்சள்பையைக் கட்டி, அதற்குள் போனைப் போட்டு வைத்திருப்பாள். எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனால் பேச்சு அறுந்துவிடும். முதல் கம்பிக்கு மாற்றினால் எதிர்முனைக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். இரண்டாவது கம்பியில் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் தெளிவாக இருக்கும்.

"அங்கனதான் டவரு வந்து நிக்கிது" என்பாள் சித்தி.

எங்கள் பக்கத்தில் சிக்னலுக்கு டவர் என்றுதான் பேர். ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் நிற்கும் இரும்புக் கோபுரமும் டவர். அதிலிருந்து புறப்பட்டு, வேலிக்கருவைகளைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வந்து நிற்பதும் டவர். கோபுரம் எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். வீட்டுக்குள் வந்தது எந்த மூலையில் நிற்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. சித்திக்கு மட்டும் தெரிந்திருந்தது.

என் அக்கா மகன் இதைப் பிழைப்பாக வைத்திருக்கிறான். பெரிய கட்டடங்களுக்குள் ரேடியோ அலை எப்படிப் பரவும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது அவன் வேலை. ஆஸ்பத்திரி, குடோன், சுரங்க ரயில் நிலையம், கல்யாண மண்டபம் என்று சுற்றுகிறவன். போன பொங்கலுக்கு வந்தபோது அந்த மஞ்சள்பையைப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். அவனோ தன் போனில் எதையோ திறந்து, ஒவ்வொரு கம்பியாக அளந்துகொண்டே போனான்.

"சின்ன அம்மாச்சி, இந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எப்படின்னா? ஒருநாப் பூராப் போனத் தூக்கிக்கிட்டு வீட்டச் சுத்தி நடந்தேன்."

அவன் என் பக்கம் திரும்பினான். "மாமா, எங்க வேலையும் இதுதான். நாங்க லேப்டாப்பையும் சேத்துத் தூக்கிக்கிட்டு நடப்போம்."

வெட்டவெளியில் அலையின் கணக்கு எளிது. 1946-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹரால்டு ஃப்ரீஸ் அதை ஒரே வரிச் சூத்திரமாக எழுதிவிட்டார். தூரம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் ஆற்றல் நாலில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. மறைக்கச் சுவரில்லாத பொட்டல் காட்டுக்கு இந்தக் கணக்குப் போதும்.

கூரைக்குள் நுழைந்ததும் அந்த ஒழுங்கு போய்விடுகிறது. செங்கல் சுவர் அலையில் கொஞ்சத்தைக் குடித்துவிட்டு மிச்சத்தை உள்ளே விடும். இரும்பு பீரோ துளியும் உள்ளே விடாமல் திருப்பியடிக்கும். தகரக் கூரையும் திருப்பியடிக்கும். தண்ணீர்த் தொட்டி குடிக்கும். உடம்பெல்லாம் தண்ணீராக நடமாடும் மனுசனும் குடிப்பான். ஆகவே நம் கைக்கு வந்து சேர்வது ஓர் அலையல்ல. நேராக வந்தது ஒன்று, கூரையில் பட்டு வந்தது ஒன்று, எதிர்வீட்டுச் சுவரில் மோதி ஜன்னல் வழியாக நுழைந்தது ஒன்று என்று ஒரே சேதியின் பல பிரதிகள், வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு பலத்தில் வந்து சேர்கின்றன. மேடும் மேடும் சேர்ந்தால் சத்தம் கூடும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

900 மெகாஹெர்ட்ஸில் வரும் கைபேசி அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். நன்றாகக் கேட்கும் இடத்திலிருந்து கேட்காத இடத்துக்கு அதில் கால்பங்கு தூரம் போதும். எட்டு சென்டிமீட்டர். ஜன்னலில் கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முதல் கம்பிக்கும் இரண்டாவது கம்பிக்கும் சித்தி சொன்ன வித்தியாசம் பிரமையல்ல.

அக்கா மகன் அன்றைக்குச் சொன்ன இன்னொன்று எனக்குப் பிடித்தது. கூரைக்குள் அலை தூரத்தோடு எந்த வேகத்தில் தேய்கிறது என்பதை ஓர் எண்ணால் குறிப்பார்களாம். வெட்டவெளிக்கு அந்த எண் 2. அறைகளும் தடுப்புகளும் நிறைந்த கட்டடத்துக்கு அது 4 முதல் 6 வரை ஏறும். ஆனால் தடையில்லாத நீண்ட நடையில் 1.6 வரை இறங்கும். அதாவது, நேர்ச்சுவர்கள் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்திருந்தால் வெட்டவெளியில் போவதைவிடவும் அலை நன்றாகப் போகும். சுவர் தடுப்பதும் உண்டு, கைப்பிடித்துக் கூட்டிப்போவதும் உண்டு. எந்தச் சுவர் எதைச் செய்யும் என்று வெளியே நின்று சொல்ல முடியாது.

இந்த உண்மையை ஒலியில் தேடியவர் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன். லண்டன் செயின்ட் பால் தேவாலயக் குவிமாடத்தின் உட்சுற்றில் ஒரு பக்கம் சுவரோரமாக முணுமுணுத்தால் எதிர்ப்பக்கம் கேட்கும். வளைந்த சுவரை ஒட்டியே ஒலி ஊர்ந்து போகிறது என்று ராலே பிரபு விளக்கம் எழுதியிருந்தார். 1921-இல் லண்டன் போன ராமன் அந்தச் சுற்றுக்குள்ளேயே நின்று சதர்லாண்டு என்பவரோடு சேர்ந்து சோதித்தார். சுவரிலிருந்து உள்ளே நகர நகர ஒலி ஒழுங்காகத் தேயவில்லை. ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது. பிறகு பீஜப்பூர் கோல்கும்பஸ் போன்ற நம்மூர்க் குவிமாடங்களையும் அவர் விடவில்லை. மேதை எழுதிய விளக்கம் இருந்தும், அந்த இடத்தில் நின்று கேட்டால்தான் மிச்சம் தெரியும் என்று நினைத்தவர்.

அப்போது ராமன் கல்கத்தாவில் பேராசிரியர். அதே கல்கத்தாவுக்குத்தான் 1922-இல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனார்கள். மழை பொய்த்த கரிசல் பூமிக்கு அவர்கள் கொண்டுவந்த தொழில்தான் தீப்பெட்டியாகி, பட்டாசாகி, அச்சகமாகி இன்று இத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதே கல்கத்தாவில்தான் 1895-இல் ஜகதீச சந்திர போஸ் ரேடியோ அலையைச் சபையில் காட்டினார். கம்பியில்லாமல் அலையை அனுப்பி, தூரத்தில் ஒரு மணியை அடிக்க வைத்தார். கொஞ்சம் கருமருந்தையும் வெடிக்க வைத்தார். மருந்தை அலை சுடவில்லை. அலை வந்து சேர்ந்ததை அறிந்த கருவி ஒரு மின்சுற்றை மூடியது. தீயை மின்சாரம் வைத்தது. கூரைக்குள் பரவும் அலையும் கருமருந்தும் இந்த நாட்டில் முதலில் சந்தித்துக்கொண்டது அந்தக் கல்கத்தா மண்டபத்தில்தான் என்று எனக்குத் தோன்றும்.

அக்கா மகனின் தோல்விக் கதைக்கு வருகிறேன். சிவகாசி வட்டாரத்தில் ஒரு பேப்பர் குடோன், பேர் வேண்டாம். ரீல் ரீலாகக் காகிதம் அடுக்கும் இடம். எந்த அடுக்கில் எந்த ரீல் என்று பார்கோடு மெஷினை வைத்துக்கொண்டு பையன்கள் நடந்தபடியே பதிய வேண்டும். அதற்கு வைஃபை வேண்டும். இவனிடம் வரைபடம் வந்தது. நீளம், அகலம், தகரக் கூரையின் உயரம், தூண்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருந்தன. கம்ப்யூட்டருக்குள் அந்தக் குடோனை அப்படியே கட்டி, ஒவ்வொரு கதிரும் எங்கே மோதி எங்கே திரும்பும் என்று ஓடவிட்டான். வைஃபை பெட்டிகளை எந்தத் தூணில் மாட்ட வேண்டும் என்று கணக்குச் சொன்னது, மாட்டினார்கள். சோதித்துப் பார்த்தபோது மூலைமுடுக்கெல்லாம் டவர்.

ஆடிப் பதினெட்டுக்குச் சிவகாசியில் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். ஆர்டர் குவியும், காகிதமும் குவியும். குடோன் கூரை வரை நிறைந்தது. அன்றிலிருந்து நடுச்சந்துகளில் மெஷின் வேலை செய்யவில்லை. காகிதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கூரை உயரத்துக்கு அடுக்கிய ரீல்கள் அலையைக் குடித்துவிட்டன. பையன்கள் வாசலுக்கு ஓடிவந்து பதிந்துவிட்டுத் திரும்ப ஓடினார்கள். முதலாளி இவனைக் கூப்பிட்டுத் திட்டினார்.

"கணக்குல தப்பே இல்ல மாமா. ஆனா நான் போட்டது காலியா இருக்கிற குடோனுக்கு. குடோன எதுக்குக் கட்டுறாங்க? நெரப்பத்தான?"

பிறகு மூன்று நாள் அளவுமானியைப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தானாம். லோடு இறக்குகிற அண்ணாச்சி ஒருவரைக் கூடவே வைத்துக்கொண்டான். எந்தச் சந்து எந்த மாதம் நிறையும், எது எப்போதும் காலியாகக் கிடக்கும் என்பதெல்லாம் வரைபடத்தில் இல்லை, அந்த அண்ணாச்சியிடம்தான் இருந்தது. சந்துகளுக்குள் தாழ்வாகப் பெட்டிகளை மாட்டியபின் சரியானது.

இந்தத் துறையின் பெரியவர்களும் அப்படி நடந்தவர்கள்தான். தியடோர் ரப்பபோர்ட் 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஐந்து தொழிற்சாலைகளுக்குள் கருவிகளோடு புகுந்து, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களுக்கு நடுவே அளந்தார். எதிரொலிகள் 30 முதல் 300 நானோசெகண்டு வரை சிதறி வருவதாகக் கண்டார். 300 நானோசெகண்டில் அலை 90 மீட்டர் போய்விடும். அவ்வளவு சுற்றிவிட்டு வந்த எதிரொலியும் கணக்கில் சேர்த்தி. சாலேயும் வாலன்சுவேலாவும் 1987-இல் தங்கள் அலுவலகக் கட்டடத்துக்குள்ளேயே அளந்து, எதிரொலிகள் தனித்தனியாக வருவதில்லை, கும்பல் கும்பலாக வருகின்றன என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்த மாதிரிகள், சுவரை எண்ணிக் கழிப்பதானாலும் கதிரைப் பின்தொடர்வதானாலும், கடைசியில் ஒருவர் உள்ளே நடந்து எடுத்த அளவோடு ஒத்துப்பார்த்துத்தான் நம்பப்படுகின்றன.

இவ்வளவு காலமும் எதிரொலியைப் பெரும்பாலும் இடைஞ்சலாகத்தான் பார்த்தார்கள். நேராக வரும் சேதியைக் கெடுப்பது அது. எப்படியாவது அடக்க வேண்டும். இந்தப் பார்வையைத் தலைகீழாக்கியவர் பொள்ளாச்சியில் 1944-இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் இருந்தவர். கடலுக்கடியில் எதிரொலி கேட்டு நீர்மூழ்கியைக் கண்டறியும் சோனார் கருவியைப் படைக்காக உருவாக்கியவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் போனபின், 1992-இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அனுப்பும் பக்கம் பல ஆன்டெனா, கேட்கும் பக்கம் பல ஆன்டெனா. ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல சேதிகள். மைமோ என்று இன்று சொல்கிறோம். 2009-இல் வைஃபைக்குள் முறைப்படி நுழைந்த அது, 4ஜி, 5ஜி எல்லாவற்றுக்கும் இன்று அடித்தளம். 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கொடுத்தார்கள்.

அதன் சூட்சுமம் பள்ளிக்கூட அல்ஜீப்ராதான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒரு காதுக்கு அது இரைச்சல். ஒரு சமன்பாட்டை வைத்து இரண்டு தெரியாத எண்களைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு காது வேறோர் இடத்தில் இருந்து, அதே இரண்டு குரலும் வேறு விகிதத்தில் கலந்து அதற்குக் கேட்டால், இரண்டு சமன்பாடு கிடைத்துவிடுகிறது. இரண்டு குரலையும் பிரித்துவிடலாம். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு காதுக்கு வேறு வேறு விகிதத்தில் கேட்க வைப்பது எது? சுவர்கள்தான். பொட்டல்வெளியில் இரண்டு காதும் ஒன்றையேதான் கேட்கும். கூடுதல் காதால் பெரிய பயன் இல்லை. மோதித் திரும்ப இடமுள்ள கூடத்தில்தான் ஒவ்வொரு காதும் புதிதாக ஒன்றைச் சொல்லும். தாமதமாகவும் பலவீனமாகவும் சுற்றிவந்த எதிரொலிக்குள்ளும் சேதி இருந்தது. ஒற்றைக் காதோடு இருந்தவரைக்கும் அது நமக்கு இரைச்சலாகப் பட்டது.

இதை எழுதும்போது அச்சங்குளம் என்ற பேர் என் பேனாவை நிறுத்துகிறது. 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. ஊருக்குப் பக்கத்துப் பட்டாசு ஆலையில் வெடித்த வெடியில் போன உயிர்கள் இருபதுக்குக் குறையாது. நாடு முழுக்க அன்று இந்தச் சின்ன ஊரின் பேரைச் சொன்னது.

பட்டாசு ஆலை என்பது வரைபடத்தில் மிக ஒழுங்கான இடம். இந்த அறைக்கும் அந்த அறைக்கும் இத்தனை மீட்டர். அறைக்கு இத்தனை வாசல், ஓடித் தப்பிக்க. அறைக்கு நாலு பேர். மருந்து இவ்வளவுதான் இருக்கலாம். செருப்பு கூடாது, உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் இறங்க நுழையும்போதே செம்புத் தகட்டைத் தொட வேண்டும், போன் உள்ளே வரக்கூடாது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது, பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய சாவும் இருக்கிறது. ஆனால் எல்லாம் காலி அறைக்குப் போட்ட கணக்கு. தீபாவளி நெருங்கும்போது அறை நிறைகிறது. லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்க, அறைகள் உள்குத்தகைக்குப் போகின்றன. நாலு பேர் அறையில் அதற்கு மேல் ஆள். அறை போதாமல் மரத்தடியிலும் வேலை. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விசாரணைகள் கண்டுபிடித்துச் சொல்வது ஏறக்குறைய இவற்றைத்தான்.

கண்டுபிடித்து என்று எழுதிவிட்டேன். பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலைக்குக் காலையில் வேன் ஏறும் பெண்களுக்கு எந்த அறையில் எத்தனை பேர் என்று தெரியும். டீக்கடையில் தெரியும். நேற்று மிச்சமான மருந்தை இன்று என்ன செய்தார்கள் என்று மருந்து கலக்குகிறவரின் மனைவிக்குத் தெரியும். சித்தி தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிய காலத்திலிருந்து இது இப்படித்தான். அந்தச் சேதி ஊருக்குள் ஒவ்வொரு சுவரிலும் மோதிச் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. வலுவில்லாமல், நேர்வழியில் வராமல், புகாராகக்கூட இல்லாமல், பேச்சுவாக்கில். கோப்பு என்ற ஒற்றைக் காதுக்கு அது இரைச்சல். அந்தக் காது வரைபடத்திலிருந்து நேராக வரும் சத்தத்தை மட்டும் கேட்கப் பழகியது.

இந்த வட்டாரத்தில் எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் அடுத்த நிமிடம் எல்லா வீட்டிலிருந்தும் போன் போகும். ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாதே. வாசலில் விட்டுப்போன பைகளுக்குள் அவை அடித்துக்கொண்டே இருக்கும். டவர் முழுசாக இருக்கும். எந்தச் சுவரும் தடுக்காமல் அலை வந்து சேர்ந்துவிடும். எடுக்க ஆள் மட்டும் இருக்காது. கோபுரத்திலிருந்து வாசல் வரை சேதியைக் கொண்டுவரும் வித்தை நமக்குக் கைகூடிவிட்டது. அறைக்குள்ளிருந்து வெளியே வரவேண்டிய சேதியைக் கேட்கும் வித்தைதான் இன்னும் கைகூடவில்லை.

ஓர் இடத்தை அறிய இரண்டு காரியம் செய்ய வேண்டும் என்று எனக்குப் படுகிறது. நிறைந்திருக்கும்போது அதற்குள் நடக்க வேண்டும். நடக்கும்போது ஒரு காதுக்கு மேல் கொண்டுபோக வேண்டும். குடோனுக்கு லோடு இறக்குகிற அண்ணாச்சி ஒரு காது என்றால், ஆலைக்கு வேன் ஏறும் பெண் ஒரு காது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும் ஆய்வில் அறை காலியாகத்தான் இருக்கும். அங்கே எத்தனை அளந்தாலும் அது வரைபடத்தையே திரும்ப அளப்பதுதான். கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கில்லாமல் நடந்தால் வெறும் அலைச்சல். ஆனால் ரப்பபோர்ட்டுக்கும் ராமனுக்கும் நடக்காமல் தீராத கணக்கு, நமக்கு மட்டும் மேசையில் தீர்ந்துவிடாது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மஞ்சள்பை இப்போது மூன்றாவது கம்பியில் தொங்குகிறது. எதிர்வீட்டுக்காரர் ஓட்டைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டிருக்கிறார். மறுநாளே சித்தி போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க இன்னொரு தடவை நடந்திருக்கிறாள்.